ஸ்டூல் வந்த பிறகும் யாரும் உட்காரவில்லை

எங்கள் கடை ஹாஸ்டலில் சுவர் நெடுக, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஒரு கறுப்புப் பட்டை ஓடும். புதிதாக வருகிற பிள்ளைகள் ஓதம் ஏறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஓதம் இல்லை, கால் தடம். ராத்திரி பத்தரைக்குக் கடை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாயை விரித்து, இடுப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு காலையும் சுவரில் தூக்கிப் போட்டுப் படுப்போம். ஒரு அறையில் 16 பேர் வரிசையாக. கெண்டைக்காலில் அந்த இழுப்பு அடங்குகிற வரைக்கும் யாருக்கும் பேச்சு வராது. அடங்கிய பிறகுதான் அன்றைக்கு யார் திட்டு வாங்கியது, எந்தச் செக்‌ஷனில் எந்தப் புடவை ஓடியது என்ற கதையெல்லாம் ஆரம்பிக்கும்.

நான் 2004இல், 19 வயதில், சேலை செக்‌ஷனில் சேர்ந்தேன். 11 வருஷம் நின்றேன். அப்புறம் ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். இப்போது மொத்த ஸ்டாஃபையும் பார்த்துக்கொள்கிற வேலை, அதாவது மற்றவர்களை நிற்க வைக்கிற வேலை. மதுரைக்குத் தெற்கே ஒரு ஊர், நாலு மாடி ஜவுளிக்கடை, சீசன் இல்லாத நாளில் 140 பேர். கடைப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

ஊழியர் நலன் என்று ஐ.டி. கம்பெனிகளில் என்னென்னவோ செய்கிறார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்களைப் போன்ற கடையில் நலன் என்பது கால், மூத்திரப்பை, வயிறு. இந்த வரிசையில். மனசு நாலாவதாக வரும். முதல் மூன்றையும் விட்டுவிட்டு நேராக மனசுக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடையில் ஒரு பெண்ணை நாலு நாளாகக் காணோம் என்றால் "அவ நின்னுட்டாக்கா" என்பார்கள். வேலையை விட்டுவிட்டாள் என்று அர்த்தம். நாள் பூராவும் நிற்க முடியாமல் போனவளைத்தான் நின்றுவிட்டாள் என்கிறோம். இந்த வார்த்தையை நான் யோசித்துப் பார்த்ததே 2021இல்தான்.

அந்த வருஷம் செப்டம்பரில் சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள, எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். கேரளத்தில் 2018லேயே இது வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் கழிப்பறைக்காகவும் உட்காருவதற்காகவும் பல வருஷம் போராடினார்கள். அதன் பலன் அது. இங்கிலாந்தில் மூன்று கடைப் பெண்களுக்கு ஒரு இருக்கையாவது இருக்க வேண்டும் என்று 1899இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். அதை ஒரு கட்டுரையில் படித்துவிட்டு விரல் விட்டு எண்ணினேன். நமக்கு வந்து சேர 122 வருஷம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிற்பது நம் ஊர் ஜவுளிக்கடை வழக்கமே கிடையாது. எங்கள் ஊர்ப் பழைய கடைகளில் மேடை மேல் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருக்கும். விற்கிறவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவையை விரிப்பார், வாங்குகிறவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார். இன்றைக்கும் எங்கள் பட்டு செக்‌ஷனில் அப்படித்தான். கண்ணாடி கவுண்டரும் ரெடிமேடும் மாடி மேல் மாடியும் வந்தபோது நிற்பதும் கூடவே வந்துவிட்டது. வந்ததுடன் அது மரியாதை, சுறுசுறுப்பு, ராசி என்று பல பெயர் எடுத்துக்கொண்டது. நான் சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் அண்ணன் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "நீ உக்காந்தா யாவாரமும் உக்காந்துரும்."

சரி, சட்டம் வந்தது. முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணாச்சி ஒரு வேனில் 60 பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து இறக்கினார். மாடிக்குப் பதினைந்து. ஒரு வாரம் கழித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்டூலில் பிரித்த புடவைக் கட்டு. இன்னொன்றின் மேல் ஏறி மேல் ரேக்கில் சரக்கு எடுத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். பேக்கிங்கில் ஒன்று, டீ வைக்கிற மேஜையாக. உட்கார்ந்தவர் ஒருவர்கூட இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. வாங்கிக் கொடுத்தும் உட்காரவில்லை என்றால் என்ன செய்வது? சேலை செக்‌ஷனில் 8 வருஷமாக இருக்கிற ஒரு பெண்ணிடம் கேட்டேன். அவள் மேலே கையைக் காட்டினாள். கேமரா. "அண்ணாச்சி செல்லுலயே பாப்பாகல்ல. மொத ஆளா நான் எதுக்குக்கா உக்காரணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்டூல் வாங்கினோம், உட்காருவது தப்பு இல்லை என்று யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். இருபது வருஷமாக உட்கார்ந்தவர்களைத் திட்டியிருக்கிறோம். நானே திட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை பதினொன்றரைக்கு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, இரண்டாவது மாடியில் கேமராவுக்கு நேரே ஒரு ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்தேன். சும்மா இல்லை, கலைந்த புடவைகளை எடுத்து மடியில் வைத்து மடித்தேன். பிள்ளைகள் பேயைப் பார்த்ததுபோல் பார்த்தார்கள். அடுத்த நாள் இரண்டு சூப்பர்வைசர் அண்ணன்களை உட்கார வைத்தேன். இதுதான் கஷ்டமாக இருந்தது. அவர்களுக்கும் கால் வலிதான், ஆனால் நின்று மேய்க்கிறதுதான் சூப்பர்வைசருக்கு அழகு என்ற நினைப்பு. ஒருவருக்குக் குதிகால் வலி. அவர் முதலில் உட்கார்ந்தார். மூன்றாவது நாள் அண்ணாச்சி போன் வந்தது.

"என்னம்மா, செகண்ட் ஃப்ளோர்ல எல்லாரும் உக்காந்திருக்காக? இன்னைக்குக் கடை லீவா?"

"இல்ல அண்ணாச்சி, நீங்க வாங்கிக் குடுத்த ஸ்டூல்தான்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சரி, வந்து பேசு" என்றார்.

பேசப் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோனேன். முதலாளியிடம் பேசப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான், நோட்டு கொண்டுபோங்கள். பாவம், கஷ்டப்படுகிறார்கள் என்று சொன்னால் அவரும் இரக்கப்படுவார், ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்புவார், விஷயம் அதோடு முடிந்துவிடும். நான் கொண்டுபோனது கணக்கு. அந்தத் தீபாவளி முடிந்து பொங்கலுக்குள் 31 பேர் "நின்றுவிட்டார்கள்". அதில் 9 பேர் மூன்று வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர்கள். புதிதாக வருகிற பிள்ளைக்கு ரேக் எது, ரேட் எது என்று பிடிபடவே மூன்று மாசம் ஆகும். தொட்டுப் பார்த்து இது கைத்தறி, இது விசைத்தறி என்று சொல்ல ஒரு வருஷம். "இந்தப் புடவை சாயம் போகுமா?" என்று கேட்கிற அம்மாவுக்கு முழிக்காமல் பதில் சொல்கிறவள்தான் வியாபாரம் செய்கிறவள். அவளைத்தான் நாம் இழக்கிறோம் என்று பெயர் பெயராக வாசித்தேன். அண்ணாச்சிக்கு அந்த ஒன்பது பேரையும் பெயர் சொன்னால் தெரியும். அதுதான் வேலை செய்தது.

2022 மாசியில் ஒரு மாசம், ஒரு மாடியில் மட்டும் செய்து பார்க்கலாம் என்று முடிவானது. விற்பனை ஏறியது என்று எழுத ஆசைதான். ஏறவில்லை. குறையவும் இல்லை. அண்ணாச்சிக்கு அது போதுமாக இருந்தது.

அந்த ஒரு மாசத்தில் மூன்று விஷயம் கற்றுக்கொண்டோம். முதலாவது, ஸ்டூலின் உயரம். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தால் கவுண்டருக்குக் கீழே ஆளே காணாமல் போய்விடுகிறது. வருகிற கஸ்டமர் "யாருமே இல்லையா?" என்று கேட்கிறார். கேட்டதும் பதறி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு தடவை அப்படி எழுந்தால் மூன்றாவது தடவை உட்காரத் தோன்றாது. பக்கத்து வெல்டிங் பட்டறையில் சொல்லி 26 அங்குல உயரத்தில் இரும்பு ஸ்டூல் செய்தோம். கால் வைத்துக்கொள்ளக் குறுக்குக் கம்பி, அடியில் ரப்பர் புஷ். கம்பி இல்லாவிட்டால் கால் தொங்கி, தொடைக்கு அடியில் மரத்துப்போகும். கவுண்டருக்கு அடியில் தள்ளி வைக்கிற அகலம் இருக்க வேண்டும். முதலில் செய்த நாலு ஸ்டூல் அகலம் கூடிப்போய், இப்போது குடோனில் கிடக்கின்றன.

இரண்டாவது, ஒரு வார்த்தை. "கஸ்டமர் இல்லாதபோது உட்காரலாம்" என்றுதான் முதலில் சொன்னோம். அந்த "லாம்"தான் கோளாறு. எங்கேயாவது ஒரு கஸ்டமர் எப்போதும் இருப்பார், சூப்பர்வைசரின் முகமும் எப்போதும் இருக்கும். யாருக்கும் தைரியம் வராது. அதனால் "லாம்" என்பதை "வேண்டும்" ஆக்கினோம். 11 மணியிலிருந்து 12 வரை, பிறகு மூன்றிலிருந்து ஐந்து வரை, செக்‌ஷனில் பாதிப் பேர் உட்கார்ந்து இருக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். மடிப்பு, விலைச் சீட்டு ஒட்டுவது, பட்டன் சரிபார்ப்பது எல்லாம் உட்கார்ந்தே செய்ய வேண்டும். உட்காராவிட்டால் சூப்பர்வைசரைத்தான் கேட்பேன், பிள்ளைகளை அல்ல. இதற்குப் பிறகுதான் ஸ்டூலுக்கு உயிர் வந்தது.

மூன்றாவது என் சொந்தக் காலில் கற்றது. இடது காலில் எனக்கு ரத்தக்குழாய் சுருண்டுவிட்டது, வெரிகோஸ். காட்டப் போனபோது டாக்டர் சொன்னார்: காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி விரிந்து பம்பு மாதிரி வேலை செய்யும், அசையாமல் நின்றால் செய்யாது. ரத்தம் கீழேயே தேங்கி ரத்தக்குழாயின் சுவரை அழுத்திக்கொண்டிருக்கும். அதாவது நடப்பது பகை இல்லை, நிற்பதுதான் பகை. நாங்களோ ஒரு பெண்ணை ஒரே கவுண்டரில் வருஷக்கணக்கில் நிறுத்தி வைக்கிறோம். அதனால் கட்டுக் கொண்டுவர குடோனுக்குப் போகிற வேலையை ஒரே பையனுக்குக் கொடுக்காமல் எல்லோருக்கும் சுற்றில் விட்டோம். நிற்கிறவள் நடக்கிறாள், நடந்தே களைத்தவன் உட்காருகிறான். செலவு ஒரு பைசா இல்லை. வெறுங்காலோடு டைல்ஸில் நிற்பதையும் நிறுத்தினோம். மெத்தென்ற செருப்பு, எல்லோருக்கும் ஒரே நிறம், உள்ளே போட மட்டும்.

கஸ்டமர்கள் என்ன சொல்வார்களோ என்று பயந்தோம். பெரும்பாலானவர்கள் கவனிக்கவே இல்லை. ஒரு பாட்டி, "உக்காரு தாயி, நான் பாத்துட்டுக் கூப்பிடுதேன்" என்று சொன்னார். ஒருவர் மட்டும் பில் கவுண்டரில் வந்து, ஸ்டாஃபுக்கு மரியாதை தெரியவில்லை என்று சத்தம் போட்டார். அவர் எடுத்தது இரண்டு பனியன்.

இனி கழிப்பறை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாவிட்டால் மேலே எழுதினதற்கே அர்த்தம் இல்லை.

எங்கள் கடையில் பெண் ஸ்டாஃபுக்கான கழிப்பறை மொட்டை மாடியில் இருந்தது. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். கீழ்த்தளத்தில் இருப்பவள் நாலு மாடி ஏற வேண்டும். அதற்கு மேல் பாஸ் என்று ஒன்று உண்டு. ஒரு செக்‌ஷனுக்கு ஒரு மரக் கட்டை. அதை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும், ஒருத்தி எடுத்துப் போனால் அவள் வருகிற வரைக்கும் அடுத்தவள் காத்திருக்க வேண்டும். கட்டையைக் கொடுக்கிறவர் ஒரு ஆண். "இப்பத்தானே போன?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்.

இதற்குப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. காலையில் ஒரு டம்ளர், சாப்பாட்டுக்கு ஒரு டம்ளர். அப்புறம் நீர்க்கடுப்பு வரும், காய்ச்சல் வரும், லீவு போடுவார்கள். லீவுச் சீட்டில் வயிற்று வலி என்று எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். மாதவிலக்கு நாளில் அந்த நாலு மாடி எப்படி இருக்கும் என்பதை ஆண்களுக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை, பெண்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரு தீபாவளி சீசனில் குழந்தைகள் செக்‌ஷனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. கேட்டபோது, "கூட்டத்துல மேல போய்ட்டு வர முடியாதுல்லக்கா" என்றாள். அடுத்த வாரமே கட்டைகளை எல்லாம் வாங்கி என் மேஜை டிராயரில் பூட்டினேன். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இரண்டாவது மாடிக் கஸ்டமர் கழிப்பறையை ஸ்டாஃபும் பயன்படுத்தலாம் என்று அனுமதி வாங்குவதற்கு எட்டு மாசம் ஆனது. மொட்டை மாடிக் கழிப்பறையில் போய்ப் பார்த்தால் மூன்று கதவில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டும். இரண்டு பேர் வேலை நேரம் போகிறது என்று சூப்பர்வைசர் குறைப்பட்டது இதனால்தான்! தாழ்ப்பாள் ஒன்று 80 ரூபாய். மூடி போட்ட குப்பைத் தொட்டி, அதைத் தினமும் எடுக்க ஒரு ஆள், ஒரு பல்பு. இத்தனை வருஷம் இதை ஒருவரும் கேட்கவில்லை என்றால், கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் ஆண்கள், சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் 20 வயதுப் பெண்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் அண்ணாச்சி சொன்னதில் நியாயம் இருந்தது. புடவை மேல் சிந்தினால் போச்சு. அதனால் பில் கவுண்டருக்குப் பின்னால் ஒரு ரேக் செய்து, ஆளுக்கு ஒரு மூடி போட்ட பாட்டில், பெயர் எழுதி. சாயங்காலம் காலி பாட்டில் எத்தனை என்று பார்த்தாலே எந்த மாடியில் சூப்பர்வைசர் கெடுபிடி என்று தெரிந்துவிடும். எனக்குக் கிடைத்த நல்ல கருத்துக்கணிப்பு அதுதான்.

கருத்துக்கணிப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. இடையில் ஒரு வருஷம் அண்ணாச்சியின் மகன் படிப்பு முடித்துக் கடைக்கு வந்தார். நல்ல பையன். ஸ்டாஃப் நலனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை. யோசனைப் பெட்டி வைத்தார், நேராக கேமராவுக்குக் கீழே. மூன்று மாசத்தில் ஒரு சீட்டு விழுந்தது, அதுவும் யாரோ போட்ட பஸ் டிக்கெட். யோகா தினத்துக்குக் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வர வேண்டும் என்றார். முந்தின ராத்திரி 11 மணிக்குப் படுத்தவர்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் ஒரு மணி நேரம் பேசினார், "உங்களால் முடியும்" என்று. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு 140 பேர் நின்று கேட்டோம். எனக்கு ஏன் எரிச்சல் என்று முன்னால் சொன்னேனே, அது அன்றைக்கு வந்தது. ஆனால் அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். கட்டைகளைப் பூட்டி வைத்தபோது அண்ணாச்சியிடம் எனக்காகப் பேசியவர் அவர்தான். எட்டு மாசத்துக்குப் பிறகு கழிப்பறைக் கதவைத் திறந்ததும் அவர்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அதே கடைகள் சட்டப்படி நாலு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும். நாங்கள் கொடுத்துக்கொண்டிருந்தது 20 நிமிஷம். மூன்று பந்தி. முதல் பந்தி பன்னிரண்டரைக்கு, கடைசிப் பந்தி உட்காரும்போது மணி மூன்று தாண்டிவிடும். கடைசிப் பந்திக்குச் சாம்பாரில் காய் இருக்காது. எப்போதும் அதே ஆட்கள்தான் கடைசிப் பந்தி, யார் என்றால் புதிதாகச் சேர்ந்தவர்கள். இப்போது பந்தி வாரா வாரம் மாறுகிறது, 40 நிமிஷம் கொடுக்கிறோம். ஒரு மணி நேரம் இன்னும் வாங்க முடியவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த 40 நிமிஷத்தில் சாப்பிடுவது 15 நிமிஷம்தான், மீதி நேரம் பாதிப் பேர் அப்படியே சுருண்டு தூங்குகிறார்கள். அதற்காக சாப்பாட்டு அறை ஓரத்தில் பத்துப் பாய் வாங்கிப் போட்டோம். இதுவரை செய்ததில் பிள்ளைகள் எனக்கு நன்றி சொன்னது இந்தப் பாய்க்கு மட்டும்தான்.

இப்போது மனசு. காலையில் பிரேயர் முடிந்ததும் மைக்கில் முந்தின நாள் விற்பனையை வாசிப்பது வழக்கம். குறைவாக விற்றவர் பெயரைக் கடைசியாக, கொஞ்சம் இழுத்து வாசிப்பார்கள். சிரிப்பு வரும். அந்தப் பெண் அன்றைக்கு முழுக்க யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், அவளிடம் வருகிற கஸ்டமரும் வாங்காமல் போவார். இதை நிறுத்தச் சொன்னபோது பெரிய எதிர்ப்பு. போட்டி இல்லாவிட்டால் சோம்பல் வரும் என்றார்கள். மேலே இருக்கிற ஐந்து பெயரை மட்டும் வாசியுங்கள், மற்றவர்களிடம் இன்சார்ஜ் தனியாகப் பேசட்டும் என்று சமாதானம் ஆனது. அதுகூட எனக்கு முழுத் திருப்தி இல்லை. கடைசி என்று யாரும் இல்லை, அதுவரைக்கும் நல்லது.

கஸ்டமர் கத்தினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு முறை வைத்தோம். அறுபது புடவையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் நல்லா இல்ல, உனக்குக் காட்டவும் தெரியல" என்று திட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் சூப்பர்வைசர் வந்து, "நீ குடோன்ல அந்தக் கட்டு எடுத்துட்டு வா" என்று சொல்ல வேண்டும். கட்டு எதுவும் இருக்காது. அவள் போய்ப் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அழுவதென்றால் அழுது, முகம் கழுவிவிட்டு வருவாள். எல்லோருக்கும் அது தெரியும். "அந்தக் கட்டு" என்றால் எங்கள் கடையில் இப்போது அதுதான். கஸ்டமர் கையைப் பிடிப்பது, போனில் படம் எடுப்பது போன்றவை வேறு விஷயம். அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். எங்கள் குழு இரண்டு வருஷம் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதமாக மட்டும் இருந்தது. குழுவில் இருந்த மூன்று பேருக்கே தாங்கள் இருப்பது தெரியாது. இப்போது மாசம் ஒரு தடவை உட்காருகிறோம், புகார் இல்லாவிட்டாலும்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் எல்லோர் செல்போனையும் வாங்கி வைத்துவிடுவோம். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு நாள் பேக்கிங்கில் இருந்த அம்மாவின் பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் வந்து, டீச்சர் மத்தியானத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார். ராத்திரி பத்தேகாலுக்குப் போனைக் கையில் வாங்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. 14 மிஸ்டு கால். அவர் சத்தம் போடவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, பையை எடுத்துக்கொண்டு ஓடினார். அதற்குப் பிறகு ரிசப்ஷனில் ஒரு தனி நம்பர் வைத்தோம். எல்லார் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்திருக்கிறோம். அதில் அழைப்பு வந்தால் யாராக இருந்தாலும் உடனே மைக்கில் கூப்பிட வேண்டும், கஸ்டமர் நடுவில் இருந்தாலும்.

இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்று மட்டும் தெரியும், எதற்கு என்று பலருக்குத் தெரியாது. மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். நோய்க்கு லீவு போட்டால், போதுமான நாள் சந்தா கட்டியிருந்தால், வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். எங்கள் பிள்ளைகள் நீர்க்கடுப்புக்கும் கால் வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் டிஸ்பென்சரிக்குப் போக அரை நாள் லீவு வேண்டும். புதன்கிழமை காலையில் கடை வேனிலேயே கூட்டிப் போக ஆரம்பித்தோம். முதல் வாரம் நாலு பேர். ஒரு மாசத்தில் வேன் நிறைந்து, இரண்டு ட்ரிப் ஆனது. அத்தனை நோய் அதுவரை எங்கே இருந்தது என்று அண்ணாச்சி கேட்டார்.

தீபாவளியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகும். கடைசி இருபது நாளில் மேலே எழுதியதில் பாதி காணாமல் போய்விடும். எட்டு மணி நேரம், ஓவர்டைமோடு பத்து என்று சட்டத்தில் இருக்கிற எண்கள் அந்த நாட்களில் எங்கள் கடைக்குள் நுழைவதில்லை. ஸ்டூல்கள் கவுண்டருக்கு அடியிலேயே கிடக்கும். இதை ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தச் சமயத்தில் விடாப்பிடியாக இரண்டை மட்டும் காப்பாற்றுகிறேன். ஒன்று, கழிப்பறைக்குப் போக யாரும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. இரண்டு, நாலு மணிக்கு ஒவ்வொரு மாடிக்கும் மோர் அண்டா போகும், சூப்பர்வைசர் கையாலேயே ஊற்றிக் கொடுக்க வேண்டும். அந்த நாட்களுக்குத் தற்காலிகமாக வருகிற காலேஜ் பிள்ளைகளுக்கும் இது உண்டு. முன்பெல்லாம் அவர்களை யாரும் கணக்கிலேயே சேர்த்ததில்லை. சீசன் முடிந்ததும் ஆளுக்கு நாலு நாள் ஈடு லீவு, அதையும் சேர்த்து எடுக்கலாம்.

போன தீபாவளிக்குப் பிறகு நின்றவர்கள் 17 பேர். 31 எங்கே, 17 எங்கே என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். நான் அந்தப் பதினேழு பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் போட்டேன். நாலு பேருக்குக் கல்யாணம். இரண்டு பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்து வேலையாம். ஐந்து பேர் எடுக்கவில்லை. மற்றவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஹாஸ்டல் சுவருக்குப் பொங்கலுக்கு வெள்ளையடித்தார்கள். ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள் மேலே போய்ப் பார்த்தேன். அந்த உயரத்தில் தடம் மறுபடி விழ ஆரம்பித்திருந்தது. தனித்தனியாகத் தெரிந்ததால் எண்ண முடிந்தது. பதினோரு ஜோடி. அந்த அறையில் இருப்பது 16 பேர்.